பாட்டிலில் பாதாம், உள்ளே பாரஃபின்

சென்ற இதழில் ஒரு வாசகிக்குப் பதில் எழுதும்போது, "மினரல் ஆயில் கலந்த ஹேர் ஆயிலா? தாராளமாகத் தேய்த்துக்கொள்ளுங்கள், தலை ஒன்றும் போய்விடாது" என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களைப் பார்த்தால், பாதிப் பேர் என்னை எண்ணெய்க் கம்பெனியின் ஆள் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். ஒரு வகையில் உண்மைதான். அம்பத்தூரில் ஹேர் ஆயில் தயாரிக்கிற ஒரு தொழிற்சாலையின் லேபில், சரக்கின் தரம் பார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். டாக்டர் இல்லை, கெமிஸ்ட். இப்போது எந்தக் கம்பெனியும் எனக்குச் சம்பளம் தருவதில்லை. இந்த முறை மற்ற கேள்விகளை ஓரமாக எடுத்து வைத்துவிட்டேன். முழுக்க மினரல் ஆயில்தான்.

கேள்வி: அக்கா, நான் கல்லூரி நாளிலிருந்து ஒரு பாதாம் ஹேர் ஆயில்தான் தேய்க்கிறேன். போன வாரம் ஊரிலிருந்து வந்த நாத்தனார் பாட்டிலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணி, இதுல பெட்ரோல் இருக்கு. முடி கொட்டிடும், கேன்சர் வேற வரும்" என்கிறாள். பின்பக்கம் 'லைட் லிக்விட் பாரஃபின்' என்றுதான் முதலில் போட்டிருக்கிறது. தூக்கிப் போட்டுவிடவா?
– வாசகி, திருச்சி

பதில்: தூக்கிப் போட வேண்டாம். மாதக் கடைசியில் பாட்டிலைத் தூக்கிப் போடச் சொல்கிற நாத்தனார் வேறு ஒன்று வாங்கித் தருவாரா என்று முதலில் கேளுங்கள்.

லைட் லிக்விட் பாரஃபின், லிக்விட் பாரஃபின், மினரல் ஆயில், வெறுமனே எல்.எல்.பி., வெளிநாட்டு பாட்டிலாக இருந்தால் பாராஃபினம் லிக்விடம், இவை எல்லாமே ஒரே குடும்பம்தான். பெட்ரோல், டீசல் எடுக்கிற அதே கச்சா எண்ணெயிலிருந்துதான் இதுவும் வருகிறது. அதுவரைக்கும் நாத்தனார் சொன்னது சரி. ஆனால் பெட்ரோல் கச்சா எண்ணெயின் லேசான பகுதி. மினரல் ஆயில் அதைவிடக் கனமான, மசகு எண்ணெய் எடுக்கிற பகுதி. அதை அப்படியே பாட்டிலில் அடைப்பதில்லை. அதிக அழுத்தத்தில் ஹைட்ரஜனைச் செலுத்தி, அதில் இருக்கிற கந்தகத்தையும், அணுக்கள் வளையமாகக் கோத்து நிற்கிற வளையச் சேர்மங்களையும் (கேன்சர் பயத்துக்குக் காரணம் இவைதான்) நீக்கி, நிறமோ மணமோ ருசியோ இல்லாத தண்ணீர் மாதிரி ஆக்கிவிடுவார்கள். வெள்ளை எண்ணெய் என்று வியாபாரத்தில் சொல்வது இதைத்தான். மலச்சிக்கலுக்குக் கொடுக்கிற சில சிரப்புகளிலும் இருப்பது இதே குடும்பத்தின் லிக்விட் பாரஃபின்தான். குழந்தைக்கு வாங்குகிற பேபி ஆயில்களில் பலவும் இதுதான், கொஞ்சம் வாசனையோடு.

அப்படியென்றால் கேன்சர் பேச்சு எங்கிருந்து வந்தது? ஆதாரமே இல்லாத வதந்தி என்று தள்ளிவிட முடியாது. இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கத்துப் பஞ்சாலைகளில், நூற்பு இயந்திரங்களின் கதிர்களுக்கு அந்தக் காலத்தில் சரியாகச் சுத்திகரிக்காத எண்ணெயைப் போட்டார்கள். அது வருடக்கணக்கில் தொழிலாளிகளின் உடைகளில் தெறித்து ஊறி, தோல் புற்றுநோய் வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, சுத்திகரிக்காத, அரைகுறையாகச் சுத்திகரித்த மினரல் ஆயிலை முதல் பிரிவில், அதாவது புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. அதே அமைப்பு நன்றாகச் சுத்திகரித்த மினரல் ஆயிலை மூன்றாம் பிரிவில் வைத்திருக்கிறது. புற்றுநோய் உண்டாக்கும் என்று சொல்ல ஆதாரம் போதாது என்று அதற்கு அர்த்தம். வாட்ஸ்அப்பில் சுற்றுகிற செய்தியில் முதல் பாதி மட்டும்தான் வருகிறது.

எது எந்த ரகம் என்று எப்படித் தெரியும்? வீட்டில் தெரியாது, லேபில் தெரியும். எங்கள் தொழிற்சாலைக்கு 210 லிட்டர் பீப்பாய்களில் சரக்கு வரும். லாரியிலிருந்து இறக்கி, மூடியைத் திறந்து, கண்ணாடிக் குழாயை அடிவரை விட்டு மாதிரி எடுப்போம். சோதனைக் குழாயில் எண்ணெயும் அடர் கந்தக அமிலமும் சம அளவு ஊற்றி, கொதிக்கிற தண்ணீரில் 10 நிமிடம் வைத்து, நடுநடுவே எடுத்துக் குலுக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் எண்ணெய் மேலேயும் அமிலம் கீழேயும் பிரிந்து நிற்கும். நல்ல சரக்காக இருந்தால் கீழே நிற்கிற அமிலம் லேசாக மஞ்சளிக்கும், அவ்வளவுதான். வேண்டாத சேர்மங்கள் மிச்சம் இருந்தால் பழுப்பேறிக் கறுத்துவிடும். பார்க்கிறபோதே முகம் மாறிவிடும், ஏனென்றால் அந்த லாரி டிரைவரிடம் போய் "திருப்பி எடுத்துட்டுப் போங்கண்ணே" என்று சொல்ல வேண்டியது நாங்கள்தான். இதைத் தவிர, புற ஊதாக் கதிரை வைத்து வளையச் சேர்மங்களைத் தேடுகிற சோதனையும் உண்டு. உரிமம் பெற்று நடக்கிற, பேர் தெரிந்த கம்பெனியின் பாட்டில் என்றால் கேன்சர் பயம் வேண்டாம்.

அடுத்தது, முடிக்கு நல்லதா? இங்கேதான் என் பழைய முதலாளிகளுக்குப் பிடிக்காததைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முடியின் மேல்தோல் கூரையில் ஓடு வேய்ந்த மாதிரி செதில் செதிலாக இருக்கும். தலைக்குக் குளிக்கும்போது முடி தண்ணீரைக் குடித்து ஊதும், செதில்கள் தூக்கிக்கொள்ளும். காய்ந்ததும் சுருங்கும். ஊதிச் சுருங்கி, ஊதிச் சுருங்கி, கூடவே ஈரத்தலையில் சீப்பையும் போட்டு இழுத்தால் செதில் உடையும், முடியில் இருக்கிற புரதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிக்கொண்டு போகும். 2003-இல் வெளியான ஒரு மும்பை ஆய்வில், முடிக்கற்றைகளில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் தனித்தனியே தடவி, அலசி, சீவி, எவ்வளவு புரதம் போகிறது என்று அளந்தார்கள். தேங்காய் எண்ணெய் மட்டும்தான் அந்த இழப்பைக் குறைத்தது. குளிப்பதற்கு முன் தடவினாலும் சரி, குளித்த பின் தடவினாலும் சரி. மற்ற இரண்டும் அந்த விஷயத்தில் ஒன்றும் செய்யவில்லை. காரணம், தேங்காய் எண்ணெயில் அதிகமாக இருக்கிற லாரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தின் மூலக்கூறு சின்ன, நேரான சங்கிலி. முடிக்குள்ளே நுழைந்துவிடும், புரதத்தோடும் ஒட்டும். மினரல் ஆயில் வெறும் ஹைட்ரோகார்பன், அதாவது கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும், புரதத்தோடு அதற்கு எந்த உறவும் கிடையாது. முடியின் மேலே படர்ந்து நிற்கும், உள்ளே போகாது.

ஆய்வு செய்தவர்கள் மாரிக்கோ கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவுக்காரர்கள். பாரசூட் தேங்காய் எண்ணெய் விற்பது அவர்கள்தான். அதையும் மனதில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். இருந்தாலும் அதற்கு 2 வருடம் முன்பே, அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் இருக்கிற ஒரு ஜவுளி ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து முடியைக் குறுக்காக வெட்டிப் பார்த்திருக்கிறார்கள். அப்போதும் தேங்காய் எண்ணெய் உள்ளே தெரிந்தது, மினரல் ஆயில் தெரியவில்லை. சொன்னவர் யார் என்பதற்காக இதை ஒதுக்கிவிட எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

அதற்காக மேலே நிற்கிற எண்ணெயால் பயனே இல்லையா? இருக்கிறது. சிக்கு எடுக்க அதை மிஞ்ச ஆளில்லை. சீப்பு வழுக்கிக்கொண்டு போகும், இழுத்து அறுபடுகிற முடி குறையும், பளபளப்பு வரும், பிசுபிசுப்பு இருக்காது. நாள்பட வைத்திருந்தாலும் காறல் வாடை வராது. இடுப்பு வரை முடி வைத்துக்கொண்டு காலையில் ஸ்கூல் வேனுக்கு முன்னால் பின்னலைப் போட்டாக வேண்டிய அம்மாக்களுக்கு இது சின்ன உதவி இல்லை.

முடி கொட்டுமா என்றால், மினரல் ஆயிலால் கொட்டாது. அதனால் வளரவும் வளராது. முடியின் வேர் தோலுக்குள் 3, 4 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. மேலே தடவுகிற பாரஃபின் அங்கே போய் நல்லதும் செய்யாது, கெட்டதும் செய்யாது. ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது யாருக்கும் நடக்கிறதுதான். அதற்கு மேல் கொத்துக் கொத்தாக வந்தால், பாட்டிலைப் பார்க்காமல் ஹீமோகுளோபினையும் தைராய்டையும் பாருங்கள். டெங்கு, டைபாய்டு மாதிரிக் கடுமையான காய்ச்சல் வந்து போயிருந்தால், 2, 3 மாதம் கழித்து முடி கொட்டுவது வழக்கம்.

எனக்குக் கோபம் வருகிற இடம் வேறு. முன்பக்கம் தங்க நிறத்தில் பாதாம் கொட்டை சொட்டுகிறது. பின்பக்கம் முதல் பெயர் பாரஃபின். நம் நாட்டு விதிப்படி, நூற்றுக்கு 1 பங்குக்கு மேல் இருக்கிற பொருட்களை, எது அதிகமோ அதை முதலில் என்ற வரிசையில் எழுத வேண்டும். 1 பங்கும் அதற்குக் கீழும் இருப்பதைப் பின்னால் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். ஆகவே பாதாம் எண்ணெய் என்பது வாசனைத் திரவியத்துக்குப் பிறகு வந்தால், அது எவ்வளவு இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நெல்லிக்காய் படம் போட்டதும், செம்பருத்தி படம் போட்டதும், வெங்காயப் படம் போட்டதும் அநேகமாக இதே கதைதான். உங்கள் தலைக்கு ஆபத்தில்லை, பர்ஸுக்குத்தான்.

கேள்வி: நாங்கள் கொடைக்கானலில் இருக்கிறோம். இங்கே தேங்காய் எண்ணெய் வருடம் முழுக்க உறைந்து கிடக்கும். உறையாத ஒரு தேங்காய் ஹேர் ஆயில் கடையில் கிடைக்கிறது, மல்லிகை வாசனையோடு. "நல்ல எண்ணெய், அதான் உறையல" என்கிறார் கடைக்காரர். உண்மையா?
– வாசகி, கொடைக்கானல்

பதில்: கடைக்காரர் தலைகீழாகச் சொல்கிறார். நல்ல தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்தே தீரும். சென்னையில்கூட மார்கழியில் பாட்டிலுக்குள் வெள்ளையாகக் கட்டிக்கொள்ளும். கொடைக்கானலில் அது உறையாமல் நிற்கிறது என்றால் உள்ளே வேறு ஏதோ பெரும்பங்கு இருக்கிறது. அநேகமாக மினரல் ஆயில். அது கலப்படம் என்று சண்டைக்குப் போகாதீர்கள். 'ஹேர் ஆயில்' என்று சொல்லி, பின்பக்கம் எழுதியும் வைத்திருந்தால் சட்டப்படி சரிதான். உறையாமல் கையில் ஊற்ற வேண்டும் என்பதற்காகத்தான் அப்படிச் செய்கிறார்கள்.

ஃபிரிட்ஜில் வைத்துப் பார்க்கிற சோதனையை எல்லோரும் சொல்கிறார்கள். அடிவரை ஒரே மாதிரிக் கட்டியானால் நல்லது, மேலே தனியாகத் திரவம் நின்றால் கலப்பு என்று. பாதிதான் நம்பலாம். மேலே நிற்பது வேறு சமையல் எண்ணெயா மினரல் ஆயிலா என்று ஃபிரிட்ஜுக்குத் தெரியாது.

லேபில் இதற்கு ஒரு பழைய சோதனை இருக்கிறது, ஹோல்டே சோதனை என்பார்கள். ஒரு மில்லி எண்ணெயை ஆல்கஹாலில் கரைத்த பொட்டாஷ் காரத்தில் போட்டுக் கொதிக்க விட வேண்டும். தேங்காய், கடலை, எள், எதிலிருந்து வந்த எண்ணெயானாலும் சோப்பாக மாறிக் கரைந்துவிடும். பிறகு 25 மில்லி சூடான தண்ணீர். சோப்பு மட்டும்தான் என்றால் குடுவை தெளிவாக இருக்கும். மினரல் ஆயில் இருந்தால் அது சோப்பாக மாறாது. தண்ணீர் விழுந்த கணத்திலேயே குடுவை முழுக்கக் கலங்கிவிடும். புதிதாக வேலைக்குச் சேருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் செய்து காட்டுவது இதைத்தான். சமையல் எண்ணெயில் மினரல் ஆயில் கலப்படத்தைப் பிடிக்கவும் இதே சோதனைதான்.

உங்களுக்கு யோசனை: உறைந்த எண்ணெய்க் கிண்ணத்தை வெந்நீரில் 5 நிமிடம் வையுங்கள். அடுப்பில் நேராக வைத்துப் புகைய விடாதீர்கள்.

கேள்வி: தேங்காய் எண்ணெய் பாட்டிலிலேயே தலைக்குத் தேய்க்க என்று ஏன் எழுதுவதில்லை? வாங்குகிற பாதிப் பேர் தலைக்குத்தானே வாங்குகிறோம். அதிலும் மினரல் ஆயில் இருக்குமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: எழுதாததற்குக் காரணம் வரி. சமையல் எண்ணெய் என்றால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், ஹேர் ஆயில் என்றால் 18 சதவீதம் என்று இருந்தது. சின்ன பாட்டிலில் வருகிற தேங்காய் எண்ணெய் உணவா, கேசத் தைலமா என்று சேலம் மத்திய கலால் துறை தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2018-இல் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். கடைசியில் 2024 டிசம்பர் 18 அன்று மூன்று நீதிபதிகள், சின்ன பாட்டில் என்பதாலேயே அது ஹேர் ஆயில் ஆகிவிடாது, சமையல் எண்ணெய்க்குரிய முறைப்படி அடைத்திருந்தால் சமையல் எண்ணெய்தான் என்று முடித்து வைத்தார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஹேர் ஆயிலுக்கும் 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. இனி அந்தப் பஞ்சாயத்துக்கு வேலை இல்லை.

உங்களுக்கு இதில் லாபம் உண்டு. பச்சைப் புள்ளியும் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இருக்கிற தேங்காய் எண்ணெயில் மினரல் ஆயில் சேர்க்கவே கூடாது. சேர்த்தால் அது உணவுக் கலப்படக் குற்றம். தலைக்குச் சுத்தமான தேங்காய் எண்ணெய்தான் வேண்டும் என்கிறவர்கள் அழகு சாதன அலமாரிக்குப் போகாமல் மளிகை அலமாரிக்குப் போனால் போதும்.

கேள்வி: அம்மா, என் பேரனுக்கு 4 மாதம். மருமகள் பேபி ஆயில்தான் தேய்க்கிறாள். நான் தேங்காய் எண்ணெய் தேய்க்கச் சொல்கிறேன். எண்ணெய்க் குளியல் அன்று மூக்கிலும் காதிலும் ரெண்டு ரெண்டு சொட்டு விட வேண்டும் என்றால் சண்டைக்கு வருகிறாள். நீங்களே சொல்லுங்கள்.
– பாட்டி, மதுரை

பதில்: பெரியவர் நீங்கள், கோபித்துக்கொள்ளக் கூடாது. மூக்கு விஷயத்தில் மருமகள் பக்கம்தான் நான்.

மேலுக்குத் தேய்க்க எதுவானாலும் சரி. பேபி ஆயிலும் கெடுதல் இல்லை, உங்கள் தேங்காய் எண்ணெயும் நல்லது. அதில் விட்டுக்கொடுத்துப் போங்கள். ஆனால் மூக்கில் எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், நெய், எதுவுமே. அதிலும் பேபி ஆயில் ரொம்ப ஆபத்து. மற்ற எதுவும் மூச்சுக்குழலில் இறங்கினால் குழந்தை இருமித் தள்ளப் பார்க்கும். மினரல் ஆயில் இருமலைக்கூடத் தூண்டாமல் வழுக்கிக்கொண்டு நுரையீரலுக்குள் போய்விடும். போனால் அதைச் செரிக்கவோ கரைக்கவோ நுரையீரலால் முடியாது. அங்கேயே தங்கிப் புண்ணாக்கும். லிபாய்டு நிமோனியா என்று பெயர். சளியும் மூச்சிரைப்புமாக வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டே இருக்கும். எக்ஸ்ரே எடுக்கிற டாக்டருக்கு நீங்கள் எண்ணெய் விட்டதைச் சொன்னால்தான் விஷயமே புரியும். நம் பக்கத்துக் குழந்தைகளிடம் இது அபூர்வமும் இல்லை.

காதுக்கும் வேண்டாம். உச்சந்தலையில் பொருக்குத் தட்டியிருந்தால், குளிக்கிறதற்கு முன்னால் கொஞ்சம் பேபி ஆயில் தடவி ஊற விட்டு, மென்மையாகத் துடைத்து எடுங்கள். அதற்கு அது ரொம்ப நல்ல மருந்து.

அப்புறம், வீட்டில் படுத்த படுக்கையாக யாராவது இருந்து, அவர்களுக்கு மலச்சிக்கலுக்கு லிக்விட் பாரஃபின் சிரப் கொடுப்பதாக இருந்தால், படுத்த நிலையில் ஊட்டாதீர்கள். காரணம் அதேதான்.

கேள்வி: நான் கோவையில் ஹாஸ்டலில் இருக்கிறேன். பொடுகுத் தொல்லை. அம்மா ஊரிலிருந்து செக்குத் தேங்காய் எண்ணெய் கொடுத்து அனுப்புகிறார்கள். தேய்த்தால் அரிப்பு கூடுகிறது. ரூம்மேட்டின் மினரல் ஆயில் தேய்த்தால் அப்படி இல்லை. அம்மாவிடம் எப்படிச் சொல்வது?
– மாணவர், கோவை

பதில்: அம்மாவிடம் இந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு தம்பி.

பொடுகில் பெரிய பங்கு மலசீசியா என்ற ஈஸ்ட்டுக்கு. எல்லார் தலையிலும் இருக்கும், சிலருக்கு அது ஆட்டம் போடும். அதற்குச் சாப்பாடு கொழுப்பு அமிலம். லேபில் அதை வளர்க்கக் கிண்ணத்தில் ஆலிவ் எண்ணெய் ஊற்றுவார்கள் என்றால் பார்த்துக்கொள். தலையில் ஊறுகிற இயற்கை எண்ணெய் போதாதென்று நாம் வேறு ராத்திரி முழுக்க எண்ணெய் வைத்தால் அதற்கு விருந்துதான். மினரல் ஆயிலில் கொழுப்பு அமிலமே கிடையாது, ஈஸ்ட்டால் அதைத் தின்ன முடியாது. எனவே நீ கண்டது உன் மனப்பிரமை இல்லை.

மினரல் ஆயில் பொடுகைக் குணப்படுத்தாது. செதிலை ஊறவைத்து எடுக்கும், அவ்வளவுதான். மருந்துக் கடையில் கீட்டோகோனசோல் ஷாம்பு கிடைக்கும். வாரம் 2 தடவை, நுரையைத் தலைத்தோலில் 5 நிமிடம் நிற்க விட்டு அலசு. ஒரு மாதத்தில் அடங்காவிட்டால் தோல் டாக்டரைப் பார். அம்மாவின் செக்கு எண்ணெயை வீணாக்காதே. தலைத்தோலில் படாமல் முடியின் நுனியில் மட்டும் தடவு, இல்லாவிட்டால் மெஸ் அக்காவிடம் கொடு, அவியலுக்கு ஆகும்.

கேள்வி: நெற்றி ஓரத்தில் மட்டும் பொடிப்பொடியாகப் பரு வருகிறது. மினரல் ஆயில் தோலின் துளைகளை அடைப்பதால்தானா?
– மாணவி, தஞ்சாவூர்

பதில்: வகிடு எடுத்து வழித்துச் சீவுகிறவர்களுக்கு நெற்றி ஓரத்தில் வருகிற பரு எந்த எண்ணெயாலும் வரும். இதில் மினரல் ஆயிலைவிடத் தேங்காய் எண்ணெய் மேல் சந்தேகம் அதிகம். அழகு சாதனத்துக்கான சுத்தமான மினரல் ஆயில் துளை அடைப்பது குறைவு. எண்ணெயைக் குறைத்து, நெற்றியைத் துடைத்துவிட்டுப் படு. தலையணை உறையை மாற்று. பரு இல்லாமல் சிவந்து அரித்தால் எண்ணெயில் சேர்க்கிற வாசனைத் திரவியத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும், பாரஃபினை அல்ல.

கேள்வி: வழுக்கையில் தினமும் அழுத்தித் தேய்த்தால் முடி வருமா? எந்த எண்ணெய்?
– வாசகர், விழுப்புரம்

பதில்: வராது. எந்த எண்ணெயும் இல்லை. பரம்பரை வழுக்கைக்கு மினாக்ஸிடில் என்ற மருந்து உண்டு. டாக்டரிடம் கேட்டுத் தொடங்குங்கள், நிறுத்தினால் பலனும் நின்றுவிடும்.

கேள்வி: ஈரோட்டில் வீட்டிலேயே மூலிகை எண்ணெய் காய்ச்சி விற்கிறேன். கரிசலாங்கண்ணி, கறிவேப்பிலை, வெந்தயம் எல்லாம் போட்டு, காங்கேயத்துத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சுவது. தேங்காய் எண்ணெய் விலை ஏறியதிலிருந்து கட்டுப்படியாகவில்லை. சரக்கு சப்ளை செய்கிறவர், "பாதிக்குப் பாதி எல்.எல்.பி. ஊத்துங்க மேடம், பெரிய கம்பெனியே அதான் பண்றான்" என்கிறார். செய்யலாமா? மனசு கேட்கவில்லை.
– வாசகி, ஈரோடு

பதில்: வந்த கடிதங்களில் எனக்குப் பிடித்தது இதுதான். 2025-இல் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டிப் போனபோது உங்களை மாதிரிச் சின்னத் தொழில் செய்கிறவர்கள் பட்ட பாடு தெரியும். சப்ளையர் சொல்வதும் பொய் இல்லை.

கலப்பது குற்றம் இல்லை, சொல்லாமல் கலப்பதுதான் குற்றம். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன், உரிமம் வாங்கியிருக்கிறீர்களா? தலைக்குத் தேய்க்கிற எண்ணெயைத் தயாரித்து விற்க, 2020-ஆம் ஆண்டு காஸ்மெடிக்ஸ் விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். வீட்டில் செய்தாலும், இன்ஸ்டாகிராமில் விற்றாலும் அதே சட்டம்தான். முடி வளரும், நரை கறுக்கும், வழுக்கை மறையும் என்று மருந்து மாதிரிப் பேசினால் சிக்கல் இன்னும் பெரிதாகும்.

சரி, கலக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். சப்ளையர் கொடுக்கிற கேனில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மெஷினுக்குப் போடுகிற எண்ணெயும் பார்வைக்குத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும், விலை குறைவு. இந்தியன் ஃபார்மகோபியா (மருந்துகளுக்கான அரசுத் தர நூல்) தரமா, காஸ்மெடிக் தரமா என்று எழுதிய, பேட்ச் எண் போட்ட சோதனைச் சான்றிதழ் ஒவ்வொரு பீப்பாய்க்கும் கேளுங்கள். நான் மேலே சொன்ன அமிலச் சோதனையின் முடிவு அதில் இருக்கும். தர மறுத்தால் அந்த ஆளிடம் வாங்காதீர்கள். பீப்பாயை உடைத்துச் சில்லறையாக ஊற்றிய கேன் வேண்டாம். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும்.

காய்ச்சுகிற விஷயம்: மூலிகையைத் தேங்காய் எண்ணெயிலேயே காய்ச்சி, வடிகட்டி, ஆற வைத்த பிறகு பாரஃபினைச் சேருங்கள். இரும்புச் சட்டியில் பாரஃபினையும் சேர்த்து அடுப்பில் ஏற்றாதீர்கள், ஆவி நன்றாகப் பற்றிக்கொள்ளும். இலையில் ஈரம் இருந்தால் எண்ணெயில் தண்ணீர் தங்கும், அடியில் சேர்ந்து கெட்டுப்போகும். வடிகட்டுவதற்கு முன் ஒரு சொட்டை எடுத்துக் கடுதாசித் திரியில் தோய்த்துக் கொளுத்திப் பாருங்கள். படபடவென்று பொரிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. உங்கள் ஊர்ப் பெரியவர்களே தைலப் பதம் இப்படித்தான் பார்ப்பார்கள்.

பாதிக்குப் பாதி போட்டால் தேங்காய் எண்ணெயின் பலன் குறையும். வாடிக்கையாளர் சீவும்போது வழவழவென்று இருப்பதாகப் பாராட்டக்கூடச் செய்வார், அது வேறு. என்னைக் கேட்டால், பழைய எண்ணெயை அப்படியே வைத்துக்கொண்டு 200 மில்லி பாட்டிலை 100 மில்லி ஆக்குங்கள். கூடவே, பாரஃபின் கலந்த இன்னொரு ரகத்தைக் குறைந்த விலைக்கு, வேறு பெயரில், லேபிளில் முதல் வரியிலேயே 'லைட் லிக்விட் பாரஃபின்' என்று தமிழிலும் எழுதி விடுங்கள். சிக்கு எடுக்கிற எண்ணெய் என்றே விற்கலாம். அதற்கும் ஆள் இருக்கிறது, திருச்சி வாசகி மாதிரி. கரிசலாங்கண்ணிப் படம் மட்டும் அந்த பாட்டிலில் வேண்டாம்.

அடுத்த இதழில் சீயக்காயா ஷாம்பூவா கடிதங்கள். தபாலில் அனுப்புகிறவர்கள் கையெழுத்தைக் கொஞ்சம் பெரிதாக எழுதுங்கள், கண்ணாடி பவர் மாறியிருக்கிறது.